போர் விமானம் வாங்கும் கதை: ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் சொல்வது

2025 பிப்ரவரியில் பெங்களூரு ஏரோ இந்தியா கண்காட்சியில் அமெரிக்காவின் எஃப்-35 விமானமும் ரஷ்யாவின் சுகோய்-57 விமானமும் வந்து நின்றதிலிருந்து, எங்கள் கடைக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் தினமும் பஞ்சாயத்துதான். ஒரு கோஷ்டிக்கு அமெரிக்கா, ஒரு கோஷ்டிக்கு ரஷ்யா, நடுவில் பிரான்ஸுக்கு ஒரே ஒரு ஆள், அவரும் ரிட்டயர்டு வாத்தியார். வேகம் எவ்வளவு, எத்தனை கிலோமீட்டர் பறக்கும், ரேடாரில் தெரியுமா தெரியாதா என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்க்கிற மாதிரிதான் இதுவும். சுழி பார்ப்பது தப்பில்லை, ஆனால் வாங்கினபிறகு தீனி யார் போடுவது என்று அங்கே ஒருத்தர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு மதுரை சிம்மக்கல் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. லாரி, மினி பஸ், டிராக்டர் சாமான்கள். ராணுவத்தில் இருந்தவன் இல்லை, பேப்பர் படித்துத் தெரிந்துகொண்டவன்தான். ஆனால் இந்த விஷயத்தை கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் சுலபமாகப் புரிகிறது என்பது என் எண்ணம். அதனால்தான் இதை எழுதுகிறேன், ஒன்றுமே தெரியாதவர்களுக்காக.

முதலில் என் மச்சான் கதையைச் சொல்லிவிடுகிறேன். மேலூர் பக்கம் விவசாயம் பார்க்கிறவர். சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டுத் தயாரிப்பாக ஒரு நெல் அறுவடை இயந்திரம் வாங்கினார். விலையும் குறைவு, வேகமும் ஜாஸ்தி, நோட்டீஸில் படம் பார்த்தாலே ஆசை வரும். முதல் இரண்டு போகம் அருமையாக ஓடியது. மூன்றாவது போகத்தில் வயலுக்கு நடுவில் ஒரு பெல்ட்டும் ஒரு பேரிங்கும் போய்விட்டன. விற்றவர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தார். என்னிடம் அளவு சொன்னார், அந்த அளவில் பேரிங் மதுரையிலும் இல்லை, நான் கேட்ட மற்ற ஊர்களிலும் இல்லை. லேத் பட்டறையில் கொடுத்து ஏதோ புஷ் போட்டு ஒப்பேற்றுவதற்குள் 11 நாள் ஓடிவிட்டது. அறுவடை என்பதே மொத்தம் இருபது நாள் கூத்துதான், அதில் 11 நாள் போனால் மிச்சம் என்ன? இப்போது அந்த இயந்திரம் களத்து ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது, கோழி முட்டையிட வசதியாக இருக்கிறது. அடுத்த வருடம் மச்சான் அந்த வட்டாரத்தில் எல்லோரும் வைத்திருக்கிற ரகத்தில் ஒரு பழைய வண்டியை வாங்கினார். வேகம் கம்மிதான். ஆனால் ஒத்தக்கடையில் இருக்கிற எந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் அதன் வயிற்றுக்குள் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

போர் விமானமும், பீரங்கியும், நீர்மூழ்கியும் இந்த அறுவடை இயந்திரத்தின் ஜாதிதான். வருடக்கணக்கில் சும்மா நிற்கும், பயிற்சிக்கு ஓடும், ஆனால் ஒரு இருபது நாள் வரும், அன்றைக்கு ஓடியே ஆக வேண்டும். அந்த இருபது நாளில் பேரிங் யார் கொடுப்பார் என்ற கேள்விதான் ராணுவத் தளவாடக் கொள்முதல். அவர் கொடுப்பதற்காக மற்ற நாட்களில் நாம் அவரிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் வெளியுறவுக் கொள்கையின் பாதி இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை.

எவ்வளவு நாளைக்கு இந்த உறவு என்று கேட்டால் மிக்-21 விமானத்தைப் பாருங்கள். 1963-ல் நம் விமானப்படைக்கு வந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் வழியனுப்பினார்கள். 62 வருடம். முதலில் ஓட்டியவரின் பேரன் வயதுக்காரர்கள் கடைசியில் ஓட்டினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், விற்ற நாடே நடுவில் காணாமல் போய்விட்டது. 1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது நம்மிடம் இருந்த விமானம், டாங்கி, கப்பல் என்று பெரும்பகுதி அங்கிருந்து வந்தவை. ஒரே கம்பெனியாக இருந்தது 15 நாடாகப் பிரிந்து, ஒரு நட்டு ரஷ்யாவில், அதற்குரிய போல்ட்டு உக்ரைனில் என்று ஆனது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் கடை ஒருவருக்கும் குடோன் ஒருவருக்கும் போனால் வாடிக்கையாளர் என்ன ஆவார், அதுதான்.

அந்தப் பாகப்பிரிவினையின் பாதிப்பு இன்னும் தீரவில்லை. ஐஎன்எஸ் துஷில் என்ற போர்க்கப்பல் 2024 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்தது. கட்டியது ரஷ்யாவில், கலினின்கிராடில். அதன் கேஸ் டர்பைன் இன்ஜின் உக்ரைனில் செய்தது. 2014-ல் ரஷ்யா உக்ரைனின் கிரிமியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட பிறகு உக்ரைன் ரஷ்யாவுக்கு இன்ஜின் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், நாமே உக்ரைனிடம் வாங்கி ரஷ்யாவுக்குக் கொடுத்து மாட்டச் சொன்னோம். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருக்கிற இரண்டு நாடுகள், ஒன்றின் கூண்டும் இன்னொன்றின் இன்ஜினும் நம் கப்பலில். 2022-ல் ஐ.நா. சபையில் ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானங்கள் வந்தபோது இந்தியா ஏன் வாக்களிக்காமல் ஒதுங்கியது என்று டீக்கடையில் கோபப்பட்டவர்கள் உண்டு, ராஜதந்திரம் என்று மெச்சியவர்களும் உண்டு. எனக்கு அதில் கொள்கையை விட குடோன்தான் அதிகம் தெரிந்தது. வீட்டில் இருக்கிற வண்டி பாதிக்கு மேல் ஒருவரிடம் வாங்கியது என்றால், ஊர்க்கூட்டத்தில் அவருக்கு எதிராகக் கை தூக்குவதற்கு முன் யாரும் யோசிப்பார்கள். அது சரியா தப்பா என்பது வேறு விஷயம், அதை நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை.

சரி, ரஷ்யா வேண்டாம், மேற்கே போவோம் என்றால்? அங்கே வேறு மாதிரிச் சிக்கல். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்ததும் அமெரிக்கா தடை போட்டது. நம் கடற்படையிடம் சீ கிங் ஹெலிகாப்டர்கள் இருந்தன, அவை பிரிட்டனில் வாங்கியவை. அமெரிக்கத் தடைக்கும் பிரிட்டிஷ் ஹெலிகாப்டருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைப்பீர்கள். அதற்குள் இருந்த பல பாகங்கள் அமெரிக்கத் தயாரிப்பு. உதிரிபாகம் வராமல் ஹெலிகாப்டர்கள் தரையில் நின்றன. என் கடையிலும் இது தினசரி பார்க்கிற விஷயம்தான்: பெட்டி மேல் ஒரு பெயர் இருக்கும், உள்ளே பேரிங்கைத் திருப்பிப் பார்த்தால் வேறு பெயர் இருக்கும். அதனால் ஒரு ஆயுதத்தைப் பற்றி யாராவது பெருமையாகச் சொன்னால் அது எந்த நாட்டுடையது என்று மட்டும் கேட்காதீர்கள், அதன் இன்ஜின் எந்த நாட்டுடையது என்றும் கேளுங்கள். ஸ்வீடனின் கிரிப்பென் விமானத்தைச் சிலர் ரொம்பப் பரிந்துரைப்பார்கள். இன்ஜின் அமெரிக்காவுடையது.

நம் தேஜஸ் விமானமும் அப்படித்தான். 1983-ல் தொடங்கிய திட்டம், 2001 ஜனவரி 4-ல் முதல் முறை பறந்தது, முதல் படைப்பிரிவு இப்போது நம் கோவை சூலூரில்தான் இருக்கிறது. அதற்கென்றே சொந்தமாக ஒரு இன்ஜின் செய்ய 1989-ல் காவிரி என்று பெயர் வைத்து ஆரம்பித்தார்கள். காவிரித் தண்ணீர் மாதிரியே அந்தக் காவிரியும் கேட்ட நேரத்துக்கு வரவில்லை. அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்து எஃப்-404 இன்ஜினைத்தான் மாட்டினார்கள். 2021-ல் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஏறக்குறைய 48,000 கோடிக்கு ஒப்பந்தம் போட்டு, 99 இன்ஜினுக்கும் அதே வருடம் ஆர்டர் கொடுத்தார்கள். முதல் இன்ஜின் வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். எந்தத் தடையும் இல்லை, சண்டையும் இல்லை, சப்ளையர் தாமதம் அவ்வளவுதான். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டி முடித்துவிட்டு சேஸிஸுக்குக் காத்திருந்த கதை.

விமான இன்ஜின் செய்வது அத்தனை கஷ்டமா என்று என்னிடம் ஒரு தம்பி கேட்டான். கஷ்டம்தான். டர்பைன் பிளேடு சுற்றுகிற இடத்தில் இருக்கிற வெப்பம், அந்த பிளேடு செய்த உலோகமே உருகக்கூடிய வெப்பத்தை விட அதிகம். உருகாமல் இருக்க பிளேடுக்குள்ளேயே முடிமாதிரி துளைகள் விட்டு காற்று பாய்ச்ச வேண்டும், பிளேடு முழுவதையும் ஒரே படிகமாக வார்க்க வேண்டும். உலகத்தில் இதைச் சொந்தமாகச் செய்கிற நாடுகளை விரல்விட்டு எண்ணலாம். கற்றுக்கொண்டவர் யாரும் கூப்பிட்டுச் சொல்லித் தரமாட்டார், ஹோட்டல்காரர் சால்னா பக்குவத்தைச் சொல்வாரா?

அப்போது ஒரே ஆளிடம் வாங்காமல் நாலு பேரிடம் பிரித்து வாங்கினால் என்ன? அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஸ்டாக்ஹோமில் இருக்கிற சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2010-14 காலத்தில் நம் ஆயுத இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 72 சதவீதம், 2020-24-ல் அது 36 சதவீதம். பிரான்ஸ் 33 சதவீதத்துக்கு வந்துவிட்டது, மூன்றாவதாக இஸ்ரேல். ஒருவர் கதவைச் சாத்தினால் இன்னொருவர் கதவு திறந்திருக்கும் என்ற கணக்கு. நல்ல கணக்குதான், ஆனால் அதற்கும் ஒரு செலவு இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. என் வாடிக்கையாளர் ஒருவர் ஏழு லாரி வைத்திருக்கிறார், அதில் நாலு கம்பெனி. அவருக்கு நாலு வித ஃபில்டர், நாலு வித கிளட்ச் பிளேட், ஒன்றுக்குப் பழகிய மெக்கானிக் இன்னொன்றைத் தொடமாட்டார். நம் விமானப்படையில் மிக்-21 போனபிறகும் சுகோய்-30, மிக்-29, மிராஜ்-2000, ஜாகுவார், பிரான்ஸின் ரஃபேல், தேஜஸ் என்று ஆறு வகை. ஒவ்வொன்றுக்கும் தனி குடோன், தனி கருவி, தனிப் பயிற்சி. இதில் ஜாகுவாரை உலகத்தில் இன்னும் ஓட்டுகிற விமானப்படை நம்முடையது மட்டும்தான். பிரான்ஸ் ஓரங்கட்டிய பழைய ஜாகுவார்களை நாம் கொண்டு வந்ததே பாகங்களைக் கழற்றுவதற்காகத்தான். காயலான் கடை என்று சிரிக்காதீர்கள், வேறு வழி இல்லை, நானும் பல பழைய வண்டிகளை அப்படித்தான் ஓட வைத்திருக்கிறேன்.

ஒருவரிடமே வாங்கினால் கழுத்தில் கயிறு, நாலு பேரிடம் வாங்கினால் குடோனில் குழப்பம். எந்த அரசு வந்தாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்க முடியும்.

இதில் கயிறு எப்படி இறுகும் என்பதற்கு எஸ்-400 நல்ல உதாரணம். ரஷ்யாவின் வான் பாதுகாப்பு ஏவுகணை அமைப்பு அது, 2018 அக்டோபரில் 5 தொகுதிக்கு ஏறக்குறைய 543 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டோம். ரஷ்யாவிடம் பெரிய அளவில் ஆயுதம் வாங்கினால் தடை போடுவோம் என்று அமெரிக்காவில் காட்சா என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதே எஸ்-400 வாங்கிய துருக்கியை 2019-ல் எஃப்-35 திட்டத்திலிருந்தே வெளியேற்றினார்கள், 2020-ல் தடையும் போட்டார்கள். இந்தியா மீது போடவில்லை. ஏன்? சட்டம் ஒன்றுதான், ஆனால் சீனாவுக்குப் பக்கத்தில் இவ்வளவு பெரிய நாடு ஒன்று தங்களுக்கு வேண்டும் என்பது அமெரிக்காவின் கணக்கு. கடன் புத்தகத்தில் எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று எழுதி வைத்திருப்போம், பெரிய வாடிக்கையாளர் வந்தால் பேனாவை எடுக்கமாட்டோம். அதை நட்பு என்று நினைத்துக்கொண்டால் ஒருநாள் அடிபடுவோம் என்பது என் கருத்து. அது நட்பல்ல, தற்போதைக்கு வியாபாரம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

இனி வாங்குகிற முறை. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உண்மையில் இது சுருக்கமானதல்ல. படைக்கு என்ன தேவை என்று படை எழுதிக் கொடுக்கும். பாதுகாப்பு அமைச்சர் தலைமையில் டிஏசி என்று ஒரு குழு, அது தேவைதான் என்று ஒப்புக்கொள்ளும். இந்த ஒப்புதல் வந்த அன்றே டிவியில் ‘இத்தனை ஆயிரம் கோடிக்கு ஆயுதம் வாங்கியது இந்தியா’ என்று ஓடும், நம்பாதீர்கள், பெண் பார்க்கப் போவதற்குச் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவே. அதன்பிறகு டெண்டர், காகிதத்தில் சரிபார்ப்பு, ராஜஸ்தான் வெயிலிலும் லே குளிரிலும் ஓட்டிப் பார்ப்பது, தேறினவர்களின் விலைக் கவரைப் பிரிப்பது, குறைந்த விலைக்காரரோடு பேரம், கடைசியாகப் பிரதமர் தலைமையிலான அமைச்சரவைக் குழுவின் கையெழுத்து. 126 விமானத்துக்கு 2007-ல் டெண்டர் விட்டார்கள். ஆறு கம்பெனி போட்டி. 2012-ல் ரஃபேல் தேர்வானது. பேரம் முடியவில்லை. 2015-ல் அதை விட்டுவிட்டு நேரடியாக 36 போதும் என்றார்கள், 2016-ல் கையெழுத்து, 2020 ஜூலை 29-ல் முதல் ஐந்து விமானங்கள் அம்பாலா விமானத் தளத்தில் இறங்கின. டெண்டரிலிருந்து 13 வருடம்.

அந்த 36-க்கு ஏறக்குறைய 59,000 கோடி. அதை 36-ஆல் வகுத்து ஒரு விமானம் 1,600 கோடியா, வேறு நாட்டுக்குக் குறைவாகக் கொடுத்தானே என்று பல வருடம் சண்டை போட்டார்கள். அரசியலில் யார் என்ன செய்தார்கள் என்பதற்குள் நான் போகவில்லை, ஆனால் வகுத்தல் கணக்கு தப்பு. ஷோரூம் விலை வேறு, ஆன் ரோடு விலை வேறு. அந்தத் தொகைக்குள் ஏவுகணை, உதிரிபாகம், பயிற்சி, நமக்கென்று செய்த மாற்றங்கள் எல்லாம் இருந்தன. யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக்கூடாது என்பார்கள். பழைய கொள்முதல்கள் பலவற்றில் நாம் யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குத் தனி டெண்டர் விட்டு அலைந்திருக்கிறோம். எதிர்ப்பக்கமும் உண்டு: ரஷ்யாவிடம் விக்ரமாதித்யா விமானந்தாங்கிக் கப்பலை 2004-ல் 97 கோடி டாலருக்குப் பேசினோம், பழைய கப்பலைப் புதுப்பித்துத் தருவதாகப் பேச்சு. பிரிக்கப் பிரிக்க வேலை வந்துகொண்டே இருந்தது என்று சொல்லிக் கடைசியில் 230 கோடி டாலர் தாண்டியது, கையில் வந்தது 2013 நவம்பரில். பழைய வண்டிக்கு இன்ஜின் வேலை பார்த்த யாருக்கும் இந்தக் கதையில் ஆச்சரியம் இருக்காது.

இவ்வளவு மெதுவாக ஏன் நடக்கிறது? பெரிய காரணம் போஃபர்ஸ். 1986-ல் ஸ்வீடனின் போஃபர்ஸ் கம்பெனியிடம் 410 பீரங்கி வாங்க ஒப்பந்தம், ஏறக்குறைய 1,437 கோடி. அடுத்த வருடம் ஸ்வீடன் வானொலி லஞ்சக் குற்றச்சாட்டை வெளியிட்டது, 64 கோடி என்ற எண் நம் ஊர்ச் சுவர்களில் எல்லாம் எழுதப்பட்டது, 1989-ல் ஆட்சியே போனது. 1999-ல் கார்கிலில் மலை உச்சியைக் குறிவைத்து அடித்ததும் அதே பீரங்கிதான். லஞ்சம் வேறு, பீரங்கி வேறு என்று பிரித்துப் பார்க்க நமக்குத் தெரியவில்லை. அந்த ஒப்பந்தத்தோடு வந்த தொழில்நுட்ப வரைபடங்கள் வருடக்கணக்கில் சும்மா கிடந்தன. அவற்றை எடுத்துத்தான் பிற்பாடு இங்கேயே தனுஷ் என்ற பீரங்கியைச் செய்தார்கள். போஃபர்ஸுக்குப் பிறகு ராணுவத்துக்குப் புதிய பெரிய ரகப் பீரங்கி வந்தது 2017-ல், முப்பது வருடம் கழித்து. கையெழுத்துப் போட்டால்தானே வழக்கு வரும், போடாவிட்டால் யார் கேட்பார் என்ற பயம் ஃபைலுக்குள் புகுந்துவிட்டது.

நீர்மூழ்கியில் நடந்தது இதைவிட மோசம் என்பேன். ஜெர்மனியின் எச்டிடபிள்யூ கம்பெனியிடம் 1981-ல் நான்கு நீர்மூழ்கிக்கு ஒப்பந்தம், இரண்டு அங்கே, இரண்டு மும்பை மசகான் தளத்தில். அதிலும் கமிஷன் புகார் வந்தது, மேற்கொண்டு கட்டுவதை நிறுத்தினார்கள். பயிற்சி பெற்று வந்த வெல்டர்களும் ஃபிட்டர்களும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், பல வருடம் கழித்து பிரெஞ்சு வடிவமைப்பில் ஸ்கார்பீன் நீர்மூழ்கி கட்டும்போது திரும்ப ஆனா ஆவன்னாவிலிருந்து. கப்பலூர் சிட்கோவில் பட்டறை வைத்திருக்கிற யாரிடமாவது கேளுங்கள், மெஷின் போனால் வாங்கிவிடலாம், கை பழகிய வெல்டர் போனால் வாங்க முடியாது என்று சொல்வார்.

ராணுவத் தொழில் வழித்தடம் என்று தமிழ்நாட்டில் ஒன்று இருக்கிறது, சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஐந்து ஊர்களை இணைத்து. மதுரை அதில் இல்லை. டிவிஎஸ் பிறந்த ஊர் என்று பெயர் மட்டும் நமக்கு. சரி, புலம்பல் போதும்.

பணம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி. டீக்கடையில் இந்த எண்ணைச் சொல்லி ‘இவ்வளவு காசுக்கு எத்தனை விமானம் வாங்கலாம்’ என்பார்கள். அதில் புதிதாகச் சாமான் வாங்க ஒதுக்கியது ஏறக்குறைய 1.49 லட்சம் கோடி. ஓய்வூதியத்துக்கு மட்டும் 1.60 லட்சம் கோடி. மிச்சம் பெரும்பாலும் சம்பளம், டீசல், பராமரிப்பு. சம்பளக்காரர் வீட்டுப் பட்ஜெட்டும் இப்படித்தான், வருமானம் பெரிதாகத் தெரியும், பிரிட்ஜ் வாங்க மிஞ்சுவது கொஞ்சம்.

போன வாரம் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லுங்க, எஃப்-35-ஆ, சுகோய்-57-ஆ?”

இரண்டும் வேண்டாம் என்றேன். எஃப்-35 வாங்கினால் அதன் மென்பொருள், பராமரிப்பு எல்லாவற்றுக்கும் அமெரிக்காவையே எதிர்பார்க்க வேண்டும், எஸ்-400 வைத்திருக்கிற வீட்டுக்குள் அதை அவர்கள் எளிதில் விடவும் மாட்டார்கள். சுகோய்-57 ரஷ்யாவிடமே போதுமான அளவு இல்லை, அவர்களுக்கே யுத்தம் நடக்கிறது. ஆறு வகை இருக்கிற குடோனில் ஏழாவது வகை எதற்கு? ஏற்கெனவே இருக்கிற ரஃபேலில் இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்கலாம், அதற்கு அம்பாலாவிலும் ஹாசிமாராவிலும் கொட்டகை, கருவி, பழகிய ஆள் எல்லாம் தயார். மீதிப் பணத்தைச் சொந்தமாக இன்ஜின் செய்வதில் போடலாம், பத்து வருடம் பலன் தெரியாவிட்டாலும். போர் விமானப் படைப்பிரிவு 42 இருக்க வேண்டிய இடத்தில் 29-தான் இருக்கிறது என்ற கவலை எனக்கும் உண்டு, அதனால்தான் பழகினதையே வாங்கு என்கிறேன்.

அமெரிக்கக் கோஷ்டி முகத்தைச் சுளித்தது. ரஷ்யக் கோஷ்டி எழுந்தே போய்விட்டது. வாத்தியார் மட்டும் எனக்கு ஒரு வடை சொன்னார்.